ஒரே அளவில் இரண்டு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மேலப்பாளையம் அசன் மைதீன் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் அவன் புளுகு ஆறு வருஷம் ஓடியது. நடுவில் ஒரு கடல் கிடந்ததே, அந்தத் தைரியம்தான். கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகு அதனால் ஏழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அது முதலில் விரிசல் விட்டது திருநெல்வேலி ஜங்ஷனில், சிவசண்முகம் அண்ணாச்சியின் டூல்ஸ் கடையில்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், மாசி மாதம். கடைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். அசன் மைதீன் ஒருவன். அவன் மனைவி மும்தாஜ் பேகத்தின் அண்ணன் அலி அஸ்கர் இன்னொருவர். அலி அஸ்கருக்கு பீடிக் கமிஷன் கடை, சொந்தமாக ஒரு வேன், இரண்டையும்விடப் பெரிதாக ஒரு குரல். குவைத்தில் சண்டை வந்து, கட்டிய துணியோடு ஊர் திரும்பிய தங்கை புருஷனுக்கு ஒர்க்‌ஷாப் வைத்துக் கொடுத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். மூன்றாவது ஆள் கருத்தையா. முக்கூடல்காரன், இருபத்தாறு வயது, வண்ணார்பேட்டையில் எட்டு வருஷம் டீசல் வண்டி வேலை பார்த்தவன். "மச்சான் பெரிய மெக்கானிக்கு, அவருக்குக் கூடமாட ஒரு கை வேண்டாமா" என்று அலி அஸ்கர் அவனைப் பேசி வைத்திருந்தார்.

சிவசண்முகம் அண்ணாச்சிக்கு வியாபாரத்தோடு கொஞ்சம் விளையாட்டும் வேண்டும். ஒரு ஸ்பானரை எடுத்து அதிலிருந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

"குவைத்து மெக்கானிக்குன்னு சொல்லுதாவளே. இந்த வாய் என்ன சைஸ், சொல்லும் பார்ப்போம்."

"பதினேழு," என்றான் அசன் மைதீன்.

"இது?"

"பத்தொம்பது. அந்தா, அதுக்கு அடியில கிடக்கே, அது மில்லி இல்ல அண்ணாச்சி, இஞ்சு. ஒம்பது பதினாறு. தப்பான பெட்டியில போட்டு வச்சிருக்கீய."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். 9/16 என்றுதான் பொறித்திருந்தது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். அலி அஸ்கருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீரா வே! பதினோரு வருசம் ஃபோர்மேனு. சும்மாவா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

ஃபோர்மேனாவது ஒன்றாவது! குவைத்தில் ஷுவைக் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் ஒர்க்‌ஷாப். அதில் டூல்ஸ் ரூம் என்று ஒரு அறை. அந்த அறைக்கு முழங்கை நுழைகிற அளவில் ஒரு ஜன்னல். பதினோரு வருஷம் அசன் மைதீன் நின்றது அந்த ஜன்னலுக்கு உள்பக்கம். வேலை செய்கிறவன் ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லைகள் பத்து கொடுத்திருந்தார்கள். வில்லையைக் கொடுத்தால் கேட்ட சாமான் கிடைக்கும். அந்தச் சாமான் தொங்கிய ஆணியில் வில்லை தொங்கும். சாமான் திரும்பி வந்ததும், துடைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்லி வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. கேவலமான வேலையா? இல்லவே இல்லை. ஒருமுறை மலையாளத்துப் பையன் ஒருவன் மேல், பேரிங் கழற்றுகிற புல்லரைத் திருடிவிட்டான் என்று பழி வந்தது. ஃபோர்மேன் அவனைச் சட்டையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தான். அசன் மைதீன் புல்லர் ஆணியில் கிடந்த வில்லையை எடுத்து மேஜையில் வைத்தான். அது ஃபோர்மேனுடைய நம்பர். அந்தப் பையன் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து அசன் மைதீன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அதை எழுதியிருக்கலாம் ஊருக்கு. எழுதவில்லை. எண்பத்து நாலில் லீவில் வந்து பெண் பார்த்தபோது அவன் உம்மா, "குவைத்துல மெக்கானிக்கு" என்று சொன்னாள். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது, சும்மா இருந்துவிட்டான். சும்மா இருந்தது முதல் வருஷம். அப்புறம் அவனே எழுத ஆரம்பித்தான். இன்று ஒரு இன்ஜினை இறக்கினேன், நேற்று ஃபோர்மேன் ஆக்கிவிட்டார்கள் என்று. மும்தாஜ் அந்தக் கடிதங்களை அக்கம்பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு நட்டைக்கூட அவன் தன் கையால் திருகி முடுக்கியதில்லை என்பது அல்லாஹ்வுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். அசன் மைதீன் ஜவுளிக்கடைக்குள் போன புதுப்பெண் மாதிரி பொறுக்கிக்கொண்டிருந்தான். சுத்தியல் இரண்டு, திருப்புளி ஆறு, கட்டிங் பிளையர், அரம், உளி, புல்லர். இரண்டு பக்கமும் வாய் திறந்த ஸ்பானர் ஒரு செட். வளையம் வைத்த ரிங் ஸ்பானர் ஒரு செட். அதோடு நின்றானா? கண்ணாடி அலமாரியில் வெகுநாளாக யாரும் சீந்தாமல் கிடந்த டார்க் ரெஞ்சு, அதுதான் எவ்வளவு முடுக்குகிறோம் என்று முள் காட்டுகிற நீளக் கம்பி, அதைக் கண்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குவைத்தில் அதற்குத் தனி ஆணி, தனி உறை உண்டு.

அலி அஸ்கர் கொண்டுவந்த பணத்துக்குள் அது அடங்கவில்லை. "எதையாவது ஒண்ணைக் கழிங்க மச்சான்" என்றார்.

"ரிங் ஸ்பானர் செட்டை எடுத்துருங்க அண்ணாச்சி," என்றான் அசன் மைதீன், கொஞ்சமும் யோசிக்காமல். "வாய் ஸ்பானர்லயும் அதே நம்பருதானே இருக்கு. ஒரே சைஸை எதுக்கு ரெண்டு வாட்டி வாங்கணும்?"

அண்ணாச்சி கையில் எடுத்த காகிதம் அப்படியே நின்றது. கருத்தையா சட்டென்று திரும்பிப் பார்த்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், பைய, "பாய், போல்ட்டை இந்தப் பக்கம் திருகும்போது அந்தப் பக்கம் நட்டும் சேர்ந்து சுத்துமே. அதை எதை வச்சுப் பிடிப்பீய?" என்றான்.

ஒரே அளவில் இரண்டு வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. சைக்கிள் கடையில் ஒரு மாதம் குந்தியிருந்தவனுக்குக்கூடத் தெரிகிற விஷயம். அசன் மைதீனுக்குத் தெரியாது. பதினோரு வருஷமும் ஜன்னலில் வந்தவன் ஒவ்வொருவனும் ஒரே ஒரு ஸ்பானர்தான் கேட்டான். அவனுடைய இன்னொரு கையில், ஜன்னலுக்குக் கீழே, அதே அளவில் அவன் சொந்த ஸ்பானர் இன்னொன்று இருந்திருக்கிறது. உள்ளே இருந்தவன் அதைக் கண்டதேயில்லை.

அசன் மைதீனின் காது மடல் கொதித்தது. கருத்தையா அவன் முகத்தை ஒரு விநாடிதான் பார்த்தான். எட்டு வருஷம் கரியில் புரண்டவனுக்கு அந்த ஒரு விநாடி போதாதா? எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் நல்ல பயல் அவன். பத்துப் பேர் பார்க்க ஒரு மனுஷன் முகம் செத்துப்போவதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அலி அஸ்கர் பக்கம் திரும்பி, "பாய் குவைத்துலருந்து ரிங் ஸ்பானர் கொண்டாந்திருப்பாவ மொதலாளி, அதான் வேண்டாங்காவ" என்றான்.

"அப்படியா மச்சான்? சொல்லவே இல்லையே!"

"ஆமா," என்றான் அசன் மைதீன். "ஒரு செட்டு கொண்டாந்தேன்."

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய்.

சாமான்களை வேனில் ஏற்றிவிட்டு அலி அஸ்கர் முன்னால் போய் உட்கார்ந்தார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இவர்கள் இருவரும். கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றைத் தாண்டும்போது கருத்தையாதான் பேச்செடுத்தான்.

"எங்கிட்ட ஒரு ரிங் செட்டு இருக்கு. எட்டு உருப்படி. நான் கொண்டாந்து போடுதேன், குவைத்து சாமான்னே இருக்கட்டும். சாயங்காலம் மட்டும் எடுத்துட்டுப் போயிருவேன். விடியக்காலம் வயக்காட்டு மோட்டார் வேலை இருக்கும் எனக்கு, அதுக்கு வேணும்."

அசன் மைதீன் தலையை ஆட்டினான். நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பயல் கண்டுபிடித்ததை ஒத்துக்கொண்டது போலாகிவிடுமே! அந்த நிலையிலும் அவனுக்குக் கௌரவம் பார்க்கத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மேலப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் கடையைத் திறந்தார்கள். பள்ளிவாசல் லெப்பை வந்து ஃபாத்திஹா ஓதினார். வந்தவர்களுக்குச் சீனியும் பேரீச்சம்பழமும். எதிரே டீக்கடை பெஞ்சில் இடமில்லாத கூட்டம். முதல் வண்டி அலி அஸ்கரின் வேன். அடியில் ஷாஃப்ட் ஆடி 'கடக் கடக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கருத்தையா சாக்கை விரித்து வேனுக்கு அடியில் போனான். அசன் மைதீன் பலகையருகே நின்றான். பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் அளவை எழுதி, சாமான்களை அவன்தான் மாட்டியிருந்தான். கருத்தையாவின் எட்டு ரிங் ஸ்பானரும் அதில் ஒரு வரிசை. அடியிலிருந்து கை நீளும். கை நீளும் முன்பே அசன் மைதீனின் கையில் சரியான ஸ்பானர் இருக்கும். பதினேழு ரிங் ஒன்று, பதினேழு வாய் ஒன்று. இப்போது இரண்டும் சேர்ந்தே போயின. சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியதே இல்லை. டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஃபோர்மேன்னா இப்படித்தான்லே. கையில அழுக்கே படாது, பார்வையிலயே வேலை வாங்குவாரு" என்று பெஞ்சுக்காரர்களுக்கு விளக்கம் சொன்னார்.

சொல்வதற்கென்ன, அந்த இரண்டு மணி நேரம் அசன் மைதீனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வண்டி சத்தமில்லாமல் ஒரு சுற்று போய் வந்தது. எல்லோரும் அவன் கையைக் குலுக்கினார்கள். கருத்தையா ஓரமாக மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கருத்தையா சொன்னபடி தன் எட்டு ஸ்பானர்களையும் ஆணியிலிருந்து எடுத்தான். துணியால் துடைத்தான். பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன் பாய்" என்று வாசலைத் தாண்டினான். அப்போதுதானா அலி அஸ்கர் வர வேண்டும்? நேரம் என்றால் அப்படித்தான் வரும்.

"நில்லுலே. பையில என்ன கலகலங்குது?"

"ஸ்பானர் மொதலாளி."

அலி அஸ்கர் பையைப் பிடுங்கிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஒரு வரிசை ஆணி மொட்டையாக நின்றது.

"ஏலே, இது குவைத்து சாமான்லா! குண்டு விழுகுற ஊருலருந்து எங்க மச்சான் உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கொண்டாந்தது. வேலைக்கு வந்த மொத நாளே கைவச்சிட்டியே, களவாளிப் பயலே!"

டீக்கடை பெஞ்சு மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. கருத்தையா அலி அஸ்கரைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. அசன் மைதீனைப் பார்த்தான்.

'அது அவனுது.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்ப உங்க குவைத்து ஸ்பானர் எங்க?' அதற்கடுத்தது, 'அப்ப குவைத்துல என்ன செஞ்சீரு?' பதினோரு வருஷமும் சீட்டுக்கட்டு போலச் சரிந்துவிடும். அசன் மைதீன் தரையைப் பார்த்தான். தரையில் மதியம் சிந்திய சீனியில் எறும்பு மொய்த்திருந்தது.

கருத்தையா காத்து நின்றான். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. பேசினால் நம்புவார்களா என்று நினைத்தானோ, பேச வேண்டியவன் பேசட்டும் என்று நினைத்தானோ, யார் கண்டது? பிறகு திரும்பி நடந்தான். "போலீசுல சொல்லாம விட்டதுக்குச் சந்தோசப்படுலே" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். இன்னொருவன் அதற்குச் சிரித்தான்.

"நல்லவேளை நான் வந்தேன், இல்லன்னா போயிருக்கும். இந்தாங்க மச்சான், பத்திரமா வைங்க," என்று அலி அஸ்கர் பையைக் கையில் கொடுத்தார். அசன் மைதீன் வாங்கினான். வாங்கி என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொன்றாக எடுத்து, சின்னதிலிருந்து பெரிது வரை, எழுதியிருந்த அளவு பார்த்து ஆணியில் மாட்டினான். அவன் கை பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாகச் செய்தது. எட்டாவதை மாட்டும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மஃரிப் தொழுதுவிட்டு எழுந்த மும்தாஜ் பேகம், பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் வந்துட்டுப் போனாவ. குவைத்துலருந்து நீங்க ஸ்பானர் கொண்டாந்தீயளாம், அதை வேலைக்காரன் களவாண்டானாம். என்ன விசயம்?"

அசன் மைதீன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"நீங்க வந்து இறங்குன அன்னைக்குப் பையை நான்தான் பிரிச்சேன்," என்றாள் அவள். "ரெண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு கம்பளி, நான் போட்ட கடுதாசிக் கட்டு. அதுல ஒரு ஆணிகூட இல்ல. அப்ப அது யாரு ஸ்பானரு?"

இதை அவன் எதிர்பார்க்கவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், சோறு போட்டவளை மறந்துவிட்டான். அவன் உட்கார்ந்தான். ஆரம்பித்த இடம் தெரியாமல் ஆரம்பித்து, ஜன்னல், வில்லை, கடிதங்கள், டூல்ஸ் கடை, ஒரே அளவில் இரண்டு, கருத்தையா பார்த்த பார்வை என்று எல்லாவற்றையும் கொட்டினான். சொல்லிவிட்டு அழுதான். முப்பத்து நாலு வயது ஆம்பிளை, கைலியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மும்தாஜ் அழவில்லை.

"சாமான் எடுத்துக் கொடுக்க வேலைன்னு சொல்லியிருந்தாலும் நான் நிக்காஹுக்குச் சம்மதம் சொல்லியிருப்பேன்," என்றாள். "அது உழைச்ச காசுதான். அந்தக் கடுதாசியெல்லாம் வாசிச்சுக் காட்டினேனே, அந்த வெக்கத்தையும் நான் முழுங்கிக்கிடுவேன். ஆனா சோத்துக்கு வந்த பிள்ளைய களவாளிங்கும்போது வாயைப் பொத்திட்டு நின்னீயளே, அதை நான் எங்கன போய்ச் சொல்லுவேன்?"

அவனுக்குச் சோறு எடுத்து வைத்தாள். தண்ணீர் வைத்தாள். அன்று அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் அசன் மைதீன் கடையைத் திறந்து எட்டு ஸ்பானர்களையும் பையில் போட்டுக்கொண்டு முக்கூடல் பஸ் ஏறினான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். கருத்தையாவின் மனைவி அன்னத்தாய் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டாள். சொன்னதும், "குவைத்து மொதலாளியா! உள்ள வாங்க" என்று எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். "உங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாவ. இன்னைக்கு லீவு விட்டுட்டீயளாமே?" என்றாள்.

அவன் அவளிடம்கூடச் சொல்லவில்லை! அசன் மைதீனுக்கு அந்த வாசலிலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கருத்தையா, அவள் கைகாட்டிய ஆற்றோரத்து வயலில், மோட்டார் ரூம் வாசலில் இருந்தான். மோட்டாரைப் பிரித்துப் பாதியில் விட்டிருந்தான். கையில் ஒரே ஒரு வாய் ஸ்பானர், அதுவும் இரவல். போல்ட்டின் பின்னால் சுற்றுகிற நட்டை ஒரு கம்பியைச் செருகி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வழுக்கி வழுக்கி அவன் விரல் கணுவெல்லாம் உரிந்திருந்தது.

அசன் மைதீன் பையை அவன் முன்னால் வைத்தான்.

"நான் பாவி கருத்தையா. என்னை மன்னிச்சிரு. இது உன் சாமான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

கருத்தையா பையைத் தொடவில்லை.

"எனக்கும் தெரியும் பாய். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதை, யாருமில்லாத வயக்காட்டுல வச்சுப் பேசி என்ன ஆவப்போவுது? தெரியாதவங்க எல்லாம் அங்கன இருக்காவ."

"இதையாவது வாங்கிக்க. வேலை நிக்குதுலா."

"இங்க வச்சு வாங்குனா களவாண்டதைத் திரும்ப வாங்குன மாதிரி இருக்கும். எங்கன பிடுங்குனாவளோ அங்கன வச்சுத் தாங்க. வாரேன்."

கையைக் கழுவினான், சட்டையைப் போட்டான், கிளம்பிவிட்டான். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். கருத்தையா முன்பக்கம் நின்றான், அசன் மைதீன் பின்னால் உட்கார்ந்திருந்தான். மடியில் பை கனத்தது. நடுவில் எங்காவது இறங்கி ஓடிப்போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஊர் நெருங்கி, பேட்டை வரும் வரை அது போகவில்லை. ஆனால் இறங்கவில்லை. அது ஒன்றைத்தான் அவன் பேரில் நல்லதாகச் சொல்லலாம்.

கடை வாசலில் அலி அஸ்கர் இருந்தார். டீக்கடை பெஞ்சில் நேற்றைய ஆட்கள் ஒருவர் குறையாமல் இருந்தார்கள். கருத்தையாவைக் கண்டதும் அலி அஸ்கர் எழுந்தார். "எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுலே வந்த?"

"அவன் மூஞ்சிக்கு ஒண்ணுமில்ல மச்சான்," என்றான் அசன் மைதீன். டீக்கடை வரை கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான். "இந்த ஸ்பானர் கருத்தையாவோடது. குவைத்துலருந்து நான் ஒரு மண்ணும் கொண்டாரல. என் மானத்தைக் காப்பாத்தத்தான் அவன் இதை இங்கன கொண்டாந்து போட்டான். அவன் களவாளி இல்ல. நான்தான் பொய்க்காரன். நான் மெக்கானிக்கே இல்ல. நேத்து வேனுக்கு வேலை பார்த்தது அவன். எனக்கு ஒரு நட்டு முடுக்கத் தெரியாது."

அலி அஸ்கரின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. அவருக்குக் குரல் இல்லாமல் போனதை மேலப்பாளையம் அன்றுதான் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். 'மச்சான்' போய்விட்டது, 'நீங்க' போய்விட்டது.

"அப்ப பதினோரு வருசமா அங்க என்னதான்வே செஞ்சீரு?"

"சாமான் எடுத்துக் கொடுத்தேன்," என்றான் அசன் மைதீன். "ஒரு ஜன்னல்ல நின்னு, கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், கொடுத்ததைத் திரும்ப வாங்கி வச்சேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல வெக்கப்பட்டேன். ஆனா அந்தப் பதினோரு வருசத்துல ஒரு ஸ்பானர் தொலைஞ்சதில்ல. செய்யாத களவுக்கு ஒருத்தன் பேரு கெட என் ஜன்னல்ல நான் விட்டதில்ல. இங்கன, மொத நாளே..."

பெஞ்சில் நேற்றுச் சிரித்தவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருத்தையா உரிந்த கையை நீட்டினான். அசன் மைதீன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். சின்னதிலிருந்து பெரிது வரை. கருத்தையா ஒவ்வொன்றையும் எல்லோரும் பார்க்கத் திருப்பிப் பார்த்து வாங்கினான். எட்டும் கைக்கு வந்ததும் தலையை ஆட்டினான்.

"சரியா இருக்கு," என்றான்.

ஜன்னலுக்கு உள்ளே நின்று எத்தனை ஆயிரம் பேரிடம் அசன் மைதீன் சொன்ன சொல் அது! தனக்கு ஒருவன் சொல்லி அவன் கேட்டது அன்றுதான். கருத்தையா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். நாளைக்கு வருவாயா என்று கேட்க அசன் மைதீனுக்கு வாய் வரவில்லை.